இன்சுலினும் ஊசியும்: மாற்று மார்க்கங்களுக்கான நூறாண்டுத் தேடல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

மருத்துவக் கண்டுபிடிப்புகளின் வரலாறு பெரும்பாலும் தலபுராண மரபிலேயே எழுதப்பட்டு வருகின்றது. துன்பம் ஒன்று நிலவும்; அருளாளர் ஒருவர் தோன்றுவார்; அற்புதம் நிகழும்; கதை மங்களமாக முடியும். இன்சுலினின் கதையும் இவ்வாறே சொல்லப்படுகின்றது. 1922 ஜனவரி 11 ஆம் நாள் கனடாவின் ரொறொன்ரோ நகர வைத்தியசாலை ஒன்றில், நீரிழிவினால் இறக்குந் தறுவாயிலிருந்த லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு விலங்குச் சதையியின் சாறு ஊசிவழி ஏற்றப்பட்டது. அச்சாறு மாசு மிகுந்ததாயிருந்தமையால் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. உயிரிரசாயனவியலாளரான கொலிப் தூய்மைப்படுத்திய சாறு ஜனவரி 23 ஆம் நாள் ஏற்றப்பட்டபோது சிறுவனின் குருதியில் சர்க்கரை வீழ்ந்தது. 1923இல் பண்டிங்கிற்கும் மக்ளியோட்டிற்கும் நொபெல் பரிசு வழங்கப்பட்டது. பண்டிங் தம் பங்கை உதவியாளரான பெஸ்ற்றுடனும், மக்ளியோட் தம் பங்கைக் கொலிப்புடனும் பகிர்ந்துகொண்டனர். புராணம் இவ்விடத்தில் நிறைவுறுகின்றது.

ஆனால் நோயாளியின் வரலாறு அற்புதம் முடிந்த மறுநாளே தொடங்குகின்றது. தொம்சன் 1935 வரை வாழ்ந்தான். அப்பதின்மூன்று ஆண்டுகளும் அவன் ஊசியால் வாழ்ந்தவன். இன்சுலின் நீரிழிவைக் குணப்படுத்தவில்லை; கொல்லும் நோயை நாள்தோறும் ஊசி வேண்டும் நோயாக மாற்றியது. கண்ணாடிச் சிறிஞ்சைக் கொதிநீரில் இட்டுத் தூய்மையாக்கி, மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டி, தன் தசையில் தானே குத்திக்கொள்ளும் ஒரு வாழ்க்கைமுறை அன்று தோன்றியது. அதனை வேறெவ்வழியாலேனும் தவிர்க்கவியலாதா என்னும் வினாவும் அன்றே எழுந்தது. வாய், மூக்கு, நுரையீரல், கண் என உடம்பின் வாயில்கள் ஒவ்வொன்றும் தட்டிப் பார்க்கப்பட்டன. நூறாண்டுகளுக்குப் பின்னரும் உலகின் இன்சுலினில் மிகப் பெரும்பகுதி ஊசியாலேயே உட்செல்கின்றது.

இது ஏன்? இவ்வினாவுக்கு இரு எளிய விடைகள் வழக்கில் உள்ளன. இயற்கை இடங்கொடுக்கவில்லை என்பது ஒன்று. மருந்துக் கம்பனிகளின் இலாப நோக்கே தடை என்பது மற்றொன்று. முன்னையது சமூகத்தை மறந்த விடை. பின்னையது பொருளின் இயல்பை மறந்த விடை. இரண்டாவதனை முற்போக்கு அணியினர் சிலர் எளிதில் ஏற்றுக்கொள்வர். பொருள்முதல்வாதம் பொருளின் எதிர்ப்பையும் கணக்கில் எடுத்தாக வேண்டும் என்பதை அவர்கள் மனங்கொள்ளுதல் நன்று. இவ்விரு விடைகளுக்கும் அப்பால், உடம்பின் தடையும் உற்பத்தியின் நிலையும் ஒன்றையொன்று எவ்வாறு நிர்ணயித்து வந்துள்ளன என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலில் தடையின் தன்மையை நோக்குவோம். இன்சுலின் ஒரு புரதம். 51 அமினோ அமிலங்கள், 21உம் 30உமாக இரு சங்கிலிகளில் அமைந்து அதனை ஆக்குகின்றன. இவ்வொழுங்கை 1955 அளவில் முழுமையாக அறிந்து வெளிப்படுத்தியவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபிரெட்ரிக் சாங்கர். 1965இல் மக்கள் சீனத்தின் ஷங்ஹாய், பீக்கிங் ஆய்வுகூடங்கள் ஒன்றிணைந்து மாட்டின் இன்சுலினைச் செயற்கையாகத் தொகுத்தன. அதன் முப்பரிமாண வடிவத்தை 1969இல் டொரதி ஹொட்ச்கின் குழுவினர் வெளிப்படுத்தினர்.

உணவில் உள்ள புரதத்தைச் சிதைப்பதே இரைப்பையினதும் சிறுகுடலினதும் தொழில். விழுங்கப்பட்ட இன்சுலினை அவை இறைச்சித் துண்டினின்றும் வேறாகக் கருதுவதில்லை. இரைப்பையின் அமிலமும் சதையி சுரக்கும் நொதியங்களும் அதனைத் துண்டாடிவிடுகின்றன. ஆக, இன்சுலினைச் சுரக்கும் சதையியே அதனைச் செரித்தழிக்கும் நொதியங்களையும் சுரக்கின்றது. ஆய்வாளர் பலர் தொடக்கத்திற் சதையிச் சாற்றை வலுவுடன் பிரித்தெடுக்க இடர்ப்பட்டமைக்கும் இம்முரண்பாடே ஒரு காரணம். சிதைவுக்குத் தப்பும் சிறு பகுதியும் குடற்சுவரின் கலங்களுக்கூடாக எளிதிற் புகாது. மூக்கு, கண் ஆகியவற்றின் மென்படலங்களிற் செரிமானம் இல்லை. ஆயினும் இத்துணைப் பெரிய மூலக்கூறு அவற்றூடாகவும் தானாகப் புகுவதில்லை. நுரையீரலின் நுண்ணறைகளே மிக மெல்லிய சுவரும் மிகப் பரந்த மேற்பரப்பும் உடையவை.

இன்னுமொன்று உண்டு. இன்சுலின் அளவிற் பிழை பொறுக்காத மருந்து. குறைந்தாற் சர்க்கரை ஏறும்; கூடினால் நோயாளி மயங்கி வீழ்வார், இறக்கவுங்கூடும். இன்று இருபதில் ஒரு பங்கும் நாளை பத்தில் ஒரு பங்குமாக உட்செல்லும் ஒரு வழி, வலியற்றதாயினும் ஆபத்தானது. எனவே ஒரு மார்க்கம் திறக்கின்றதா என்பதோடு, நாள்தோறும் ஒரே அளவாகத் திறக்கின்றதா என்பதும் வினாவாகின்றது.

3

தேடலின் முதற்கட்டம் 1920களுக்குரியது. 1922இல் அமெரிக்காவில் வூட்யாற் மூக்குவழியைப் பரிசோதித்தார். 1924இல் ஹொய்ப்னர், டி யொங், லாக்கர் ஆகியோரும் 1925இல் ஜெர்மனியில் கென்ஸ்லெனும் இன்சுலினை மூச்சோடு உள்ளிழுக்கச் செய்து அதன் விளைவை வெளியிட்டனர். குருதிச் சர்க்கரை குறைந்தமை அவதானிக்கப்பட்டது. அதாவது நுரையீரல்வழி சாத்தியம் என்பது இன்சுலின் கிடைத்த மூன்றாண்டுகளுக்குள்ளேயே அறியப்பட்டுவிட்டது. அவ்வழியில் ஒரு மருந்து சந்தைக்கு வந்தது 2006இல். இடைப்பட்ட எண்பது ஆண்டுகளை எவ்வாறு விளக்குவது?

இதற்கு அன்றைய உற்பத்தி நிலையை நோக்குதல் அவசியமாகும். அக்காலத்தில் இன்சுலின் கொல்களத்தின் உபபொருள். பன்றி, மாடு ஆகியவற்றின் சதையிகளினின்றே அது பிரித்தெடுக்கப்பட்டது. 8 அவுன்ஸ் தூய இன்சுலினுக்கு இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட பன்றி உறுப்புகள் வேண்டப்பட்டன என்பர். இறைச்சித் தொழிலின் அளவே இன்சுலினின் அளவுக்கு எல்லையாயிருந்தது. இத்தகைய அருமைப்பாட்டின்கீழ், ஏற்றிய மருந்தில் பத்தில் ஒன்பது பங்கை வீணாக்கும் வழி எதுவாயினும் அது வழியாகவே கருதப்படவில்லை. ஊசி சிக்கனமானது, அதனால் வென்றது. அறிவின் கவனமும் அத்திசையிலேயே சென்றது. டென்மார்க்கில் ஹாகெடோர்ன் 1936இல் புரோட்டமின் சேர்த்த இன்சுலினை ஆக்கினார். 1946இல் அதன் திருந்திய வடிவம் தோன்றியது. இவை ஊசியை ஒழிக்க முயலாது, மருந்து மெல்லக் கரையுமாறு செய்து ஊசிகளின் எண்ணிக்கையைக் குறைத்தன.

உட்சென்ற மருந்தில் எத்துணைப் பங்கு குருதியை அடைகின்றது என்பதை மருந்தியலார் உயிர்க்கிடைப்பு என்பர். அதனை அவர்கள் உடம்பின் இயல்பாக மட்டுமே கொள்வர். வீணாகும் விகிதம் உடம்பினால் நிர்ணயிக்கப்படுவது உண்மையே. அவ்வீண் பொறுக்கத்தக்கதா அன்றா என்பதோ உற்பத்தியினால் நிர்ணயிக்கப்படுகின்றது. இவ்விரண்டையும் பிரித்தறியாதவிடத்து இவ்வரலாறு விளங்காது.

4

கண்வழி மார்க்கத்தின் வரலாறு இதனைச் சிறப்பாகத் துலக்குகின்றது. 1931இல் கிறிஸ்ரி, ஹன்சல் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், முயல்களின் கண்ணில் இட்ட இன்சுலின், கண்ணின் வெண்பகுதியையும் இமைகளின் உட்புறத்தையும் போர்த்துள்ள மென்படலத்தினூடாக உறிஞ்சப்படுகின்றதா என ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். பின்னர் அரை நூற்றாண்டு காலம் அவ்வழி ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்தது. 1980களின் இறுதியில் ரெக்சாஸ் மாநிலத்தில் சியூ என்பாரும் அவருடைய சகாக்களும் அதனை மீள எடுத்தனர். கண்சொட்டு மருந்தாக இடப்பட்ட இன்சுலின், உறிஞ்சலை ஊக்கும் பொருளொன்றுடன் சேருங்கால் முயலின் குருதிச் சர்க்கரையைத் தாழ்த்துகின்றது என 1989இல் அவர்கள் காட்டினர்.

அவர்கள் முன்வைத்த நியாயங்கள் கருத்திற் கொள்ளத்தக்கவை. கண்ணிற் செரிமானம் இல்லை. உறிஞ்சப்பட்ட மருந்து முதலில் ஈரலுக்குச் செல்லாது நேரே பொதுக் குருதிச் சுற்றோட்டத்தை அடைகின்றது. யாவற்றுக்கும் மேலாக, வேண்டப்படும் கருவி ஒரு சொட்டுக்குழாய் மட்டுமே. எழுத்தறியாதவரும் முதியவரும் அதனைக் கையாளுவர். அனைத்து மார்க்கங்களிலும் மிக மலிவான கருவியைக் கொண்டது இதுவே எனலாம்.

ஆயின் பொருள் எதிர்த்தது. கண்ணின் கொள்ளளவு மிகச் சிறிது. 100 அலகு வலுவுள்ள இன்சுலினில் 50 மைக்ரோலீற்றர் கொண்ட ஒரு சொட்டு 5 அலகையே தாங்கும். அச்சொட்டும் இமைப்பினால் வழிந்தோடும். எஞ்சியது கண்ணீர்க் கான்வழியே மூக்கினுட் செல்லும். 1989இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த யமமொட்டோ, வின்சென்ற் லீ முதலியோர் முயல்களில் நடத்திய ஆய்வு, கண்ணில் இட்ட இன்சுலினிற் குருதியை அடைவதன் பெரும்பகுதி மூக்கின் மென்படலத்தினூடாகவே செல்கின்றது எனக் காட்டியது. கண்வழி எனக் கருதப்பட்டது பெருமளவுக்கு மூக்குவழியே. இந்நிலையில் உறிஞ்சலை ஊக்கும் பொருளின்றிப் பயனில்லை. சப்போனின் போன்ற அப்பொருள்களோ சவர்க்கார இயல்பினவாய்க் கண்ணை உறுத்துவன. 1997இல் அரிசோனாவில் கண்ணில் வைக்கத்தக்க ஜெலற்றின் பஞ்சுத்துண்டு ஒன்றினால் இன்சுலினை மெல்ல வெளியிடும் முயற்சியும் முயல்களில் நடைபெற்றது. மனிதருக்குரிய நீரிழிவு மருந்தாக அது வளரவில்லை.

இவ்விடத்தில் நேர்மையுடன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீரிழிவு தானே கண்ணைத் தாக்கும் நோய். விழித்திரையின் நுண்குழாய்களைச் சிதைத்துப் பார்வையைப் பறிப்பது. அந்நோயாளியின் கண்ணிலேயே நாள்தோறும் பலமுறை, வாழ்நாள் முழுவதும், மென்படலத்தைத் தளர்த்தும் பொருளொன்றை இடுவது எத்தகைய சமூக அமைப்பிலும் ஐயத்துடன் நோக்கப்பட வேண்டியதே. கண்வழி கைவிடப்பட்டமைக்கு மூலதனத்தை மட்டும் குற்றஞ்சாட்டுதல் பொருந்தாது.

எனினும் இத்தேடல் முற்றிலும் வீணாயிற்று எனவும் கூறுதற்கில்லை. ஊக்கும் பொருளின்றி இடப்படும் இன்சுலினைக் கண் பொதுவாகப் பொறுத்துக்கொள்கின்றது என்பது தெரியவந்தது. அண்மைக் காலத்தில், ஆறாது நீடிக்கும் விழிவெண்படலப் புண்களை ஆற்றுதற்கு வலுக்குறைந்த இன்சுலின் சொட்டுகளைக் கண் மருத்துவர் பயன்படுத்தி வருகின்றனர். உடம்பு முழுவதற்குமான வாயிலாக அமையாத கண், இறுதியில் அம்மருந்தைத் தன் தேவைக்கே ஏற்றுக்கொண்டது.

5

1980கள் இவ்வரலாற்றிற் புதுக்கட்டம். 1978இல் ஜெனென்ரெக் நிறுவனத்தார் பற்றீரியாவைக் கொண்டு மனித இன்சுலினை ஆக்கினர். 1982இல் எலி லிலி கம்பனி அதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது. இன்சுலின் கொல்களத்திலிருந்து விடுபட்டுத் தொட்டிகளில் விளையத் தொடங்கியது. பழைய அருமைப்பாடு நீங்கிற்று. வீணாதல் முதன்முறையாகப் பொறுக்கத்தக்கதாயிற்று. கைவிடப்பட்ட மார்க்கங்கள் யாவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் மீண்டெழுந்தமை தற்செயலன்று. 1983இல் பொஸ்ரனில் மூக்குவழி ஆய்வு பித்த உப்புகளின் துணையுடன் மனிதரில் நடைபெற்றது. கண்வழி மீண்டதும் அப்பத்தாண்டிலேயே. நுரையீரல்வழி ஆய்வு பெருங்கம்பனிகளின் முதலீட்டுக்குரியதாயிற்று.

2006 ஜனவரியில் ஃபைசர் கம்பனியின் எக்சுபெரா என்னும் உள்ளிழுக்கும் இன்சுலின் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. அதன் 1 மில்லிகிராம் தூள் ஏறத்தாழ 3 அலகு ஊசி இன்சுலினுக்கு நிகர். ஒரு மில்லிகிராம் இன்சுலின் ஏறத்தாழ 28 அலகு கொண்டதாதலின், பத்தில் ஒன்பது பங்கு வீண் என்பது பெறப்படும். 1920களில் எண்ணியும் பார்க்கவியலாதிருந்த இவ்வீண் இப்பொழுது வணிகமாயிற்று. ஆனால் கருவி பருமனானது; விலை கூடியது; நுரையீரற் பரிசோதனைகள் வேண்டப்பட்டன; நீண்டநேரம் செயற்படும் இன்சுலின் வேண்டியோர்க்கு ஊசியும் எஞ்சியிருந்தது. ஆண்டுக்கு 2 பில்லியன் டொலர் விற்பனை எதிர்பார்க்கப்பட்ட அம்மருந்து, 2007இன் முதல் ஒன்பது மாதங்களில் 12 மில்லியன் டொலருக்கே விற்பனையானது. 2007 ஒக்டோபரில் ஃபைசர் அதனைக் கைவிட்டு 2.8 பில்லியன் டொலரை நட்டக்கணக்கில் எழுதியது. 2008இன் தொடக்கத்தில் நொவோ நோடிஸ்க்கும் எலி லிலியும் தத்தம் உள்ளிழுக்கும் இன்சுலின் ஆய்வுகளை நிறுத்தின. மான்கைன்ட் கம்பனியின் அஃப்ரெசா 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதனை விற்கப் பொறுப்பேற்ற சனோஃபி 2016 ஜனவரியில் விலகிக்கொண்டது. சிறிய கருவியுடன் அது இன்றும் விற்பனையில் உள்ளதெனினும், ஆஸ்துமா முதலிய நுரையீரல் நோயுடையோர்க்கு ஏற்றதன்று.

எக்சுபெராவின் தோல்வியிற் புலப்படும் முரண்பாடு ஒன்றுண்டு. 1985இல் நொவோ நிறுவனம் பேனா வடிவ ஊசிக்கருவியை அறிமுகஞ் செய்திருந்தது; ஊசிகளும் மயிரிழை போல மெலிந்து வந்தன. எனவே புதிய கருவியை வாங்கக்கூடியவரிடத்து ஊசி ஏற்கெனவே பெரிதும் நோவற்றதாகியிருந்தது. ஒரே சிறிஞ்சை மீள மீளப் பயன்படுத்த நேர்ந்தவருக்கோ அக்கருவி எட்டாப் பொருள். மிகத் தேவையானவரிடம் வாங்கும் வலுவில்லை. வாங்கும் வலுவுள்ளவரிடம் தேவை மிகுதியாயில்லை. மூலதனம் தேவையை நேரே அறிவதில்லை; வாங்கும் வலுவென்னும் ஆடியினூடாகவே அது தேவையைக் காண்கின்றது.

வாய்வழி மார்க்கத்தின் அண்மைக்கால வரலாறு இதனினும் தெளிவானது. 1976இல் கொழுப்பு நுண்குமிழிகளில் இன்சுலினைப் பொதிந்து வாய்வழி கொடுக்கும் ஆய்வுகள் எலிகளில் நடைபெற்றன. பின்வந்த முயற்சிகள் பல. 2019இல் நொவோ நோடிஸ்க்கின் இன்சுலின் மாத்திரை ஒன்று பற்றிய மனித ஆய்வின் பெறுபேறு வெளியாயிற்று. எட்டு வார ஆய்வில் அம்மாத்திரை, நாளுக்கொருமுறை ஏற்றப்படும் ஊசி இன்சுலினுக்கு ஒப்பாகவே சர்க்கரையைக் கட்டுப்படுத்தியது. ஆயினும் அது கைவிடப்பட்டது. உட்கொள்ளுவதிற் சில சதவீதங்கூடக் குருதியை அடையாமையால் வேண்டப்படும் இன்சுலினின் அளவு மிகப் பெரிதாயிருந்தது. அத்தகைய உற்பத்தி வணிகரீதியில் இயலாதென முடிவுசெய்யப்பட்டது. ஈண்டு உடம்பு 'இல்லை' என்று சொல்லவில்லை. கணக்கேடே அவ்வாறு சொல்லியது. 1931இன் கண்சொட்டையும் 2019இன் மாத்திரையையும் ஒரே தோல்விப் பட்டியலிற் சேர்ப்போர் இவ்வேறுபாட்டைக் காணத் தவறுகின்றனர். 2023 ஜனவரியில் ஒறாமெட் கம்பனியின் வாய்வழி இன்சுலின் இறுதிக்கட்ட ஆய்விலே பயன் காட்டாது போனது முதல்வகைத் தோல்விக்கு உதாரணமாகும். இரண்டையும் வேறுபடுத்தியறிவதே விமர்சன நோக்கு.

6

பண்டிங், பெஸ்ற், கொலிப் ஆகியோர் 1923இல் இன்சுலினின் ஆக்கவுரிமையை ஆளுக்கொரு டொலருக்கு ரொறொன்ரோ பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொடுத்தனர். எவரும் இதனைத் தனியுடைமையாக்கி விடலாகாது என்பதே எண்ணம். நூறாண்டின் பின் எலி லிலி, நொவோ நோடிஸ்க், சனோஃபி என்னும் மூன்று பல்தேசியக் கம்பனிகள் உலக இன்சுலின் சந்தையின் பெறுமதியில் 90 சதவீதத்துக்கு மேல் தம்வசம் கொண்டுள்ளன. 1996இல் 21 டொலராயிருந்த ஒரு வகை இன்சுலின் குப்பியின் அமெரிக்கப் பட்டியல் விலை 2019இல் 275 டொலரை எட்டியிருந்தது. நீண்ட அரசியற் போராட்டத்தின் பின்னரே 2023இல் கம்பனிகள் விலைகளைக் குறைத்தன. நன்கொடையாளரின் நல்லெண்ணம் உடைமை உறவுகளை மாற்றிவிடாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இலங்கை வாசகருக்கு இவ்விடத்திற் பேராசிரியர் சேனக பிபிலேயின் நினைவு எழுதல் இயல்பு. 1971இல் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் அவர் ஆக்கிய அறிக்கையும், அதே ஆண்டு உருவான அரச மருந்துக் கூட்டுத்தாபனமும், மருந்தை அதன் வணிகப் பெயராலன்றித் தேவை, பயன், விலை ஆகியவற்றால் அளக்கும் கோலை இந்நாட்டுக்குத் தந்தன. ஊசியற்ற இன்சுலின் என ஒன்று நம்முன் வைக்கப்படும்போது நாம் கேட்க வேண்டிய வினாக்களும் அவையே: யாருடைய தேவைக்கு? என்ன பயனுக்கு? என்ன விலைக்கு?

ஏனெனில் புதிய மார்க்கம் பற்றிய வாக்குறுதி பழைய குறையொன்றை மறைக்கவுங்கூடும். இன்சுலின் வேண்டும் இரண்டாம் வகை நீரிழிவு நோயாளருள் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு அது கிடைப்பதில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அவர்களுக்கு ஊசியின் நோவு பிரச்சினையன்று. ஊசியின் இன்மையே பிரச்சினை. 2024இல் ஐரோப்பாவில் வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் இன்சுலின் அனுமதி பெற்றது. ஆண்டுக்கு 365 ஊசிகள் 52 ஆயின. அதே 2024இல் தென்னாபிரிக்காவின் அரச வைத்தியசாலைகளுக்கு மனித இன்சுலின் பேனாக்களை வழங்கிவந்த நொவோ நோடிஸ்க், முடிவுற்ற ஒப்பந்தத்தை நீடிக்கவில்லை. அக்கம்பனியின் உடற்பருமன் மருந்துகளுக்கு உலகெங்கும் பெருங்கேள்வி எழுந்திருந்த காலம் அது. பேனாவுக்குப் பழகிய நோயாளர் மீண்டும் குப்பிக்கும் சிறிஞ்சுக்கும் மாற்றப்பட்டனர். ஒரே ஆண்டில், ஒரே நோய்க்கு, வரலாறு ஓரிடத்தில் முன்னும் மற்றோரிடத்திற் பின்னுமாக நகர்ந்தது.

இதனாலெல்லாம் ஊசியற்ற மார்க்கத்தைத் தேடுவது வீண் என்பது கருத்தன்று. ஊசிக்கு அஞ்சி மருந்தைத் தள்ளிப்போடும் முதியவரின் துன்பமும், நாள்தோறும் நான்குமுறை குத்தப்படும் குழந்தையின் அழுகையும் உண்மையானவை. முயலின் கண்ணில் ஒரு சொட்டை இட்டுக் காத்திருந்த ஆய்வாளரின் உழைப்பு மனித நேயத்திற் பிறந்தது. அவ்வுழைப்பு பயன் தரும் நாளும் வரலாம். ஆனால் உடம்பின் வாயில் ஒன்று திறப்பதனால் மட்டும் மருந்தகத்தின் வாயில் திறந்துவிடுவதில்லை. முன்னையதைத் திறப்பது அறிவியலின் பணி. பின்னையதைத் திறப்பது மக்களின் பணி. முதலாவதன் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுள்ளது. இரண்டாவதன் வரலாறோ இனிமேற்றான் ஆக்கப்பட வேண்டியதாயுள்ளது.